பின்வேலியில் இரண்டு பலகை

என் சிநேகிதியின் மகன் சுதன் போன மாதம் புதுவீட்டில் பால் காய்ச்சினான். சிட்னி நகரத்தின் மையத்துக்கு நடந்தே போய்விடலாம். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய மாடிவீடுகளில் ஒன்று அது. வீட்டின் அகலத்துக்கு ஒரு காரை நிறுத்தினால் காரின் கதவைத் திறக்க இடம் இராது. கொடுத்த விலையை அவன் பெருமையாகச் சொன்னபோது நான் பால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொருதரம் சொல்லச் சொன்னேன்.

“அன்ரி, இது ஹெரிட்டேஜ் வீடு. இந்தச் சுவர் எல்லாம் ஒறிஜினல். நாங்கள் ஒண்டையும் தொடேல்லை.”

“தம்பி, இந்தத் தெருவிலை நான் வேலை செய்தனான்,” என்றேன்.

“சீரியஸ்லி? என்ன வேலை?”

“இந்த வீடுகளிலை மனுசர் இருக்கக்கூடாது எண்டு எழுதிற வேலை.”

பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக் குசினியில் நின்றபடி, ஒருகாலத்தில் எங்கள் அலுவலகம் கரப்பானுக்கும் எலிக்கும் எழுதிக்கொடுத்த அதே சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுதனின் மனைவி மேகலா சமூகசேவை உத்தியோகத்தர். அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அன்ரி, உங்களுக்கு ஏன் முகம் இப்பிடிப் போச்சுது? என்ன நடந்தது எண்டு எழுதித் தாங்கோ” என்று கரைச்சல் கொடுத்தாள். அதனால் எழுதுகிறேன். அறிவுரை எதுவும் என்னிடம் கிடையாது. அன்றைக்கு அடைந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. இவர், அதாவது என் கணவர், செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். அதற்குப் பக்கத்திலேயே வீடும் வாங்கிவிட்டோம். நான் பேராதனையில் புவியியல் படித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்தவள். சிட்னியில் எந்தப் பாடசாலையும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அரசாங்க வீடுகளைப் பகிர்ந்துகொடுக்கும் ஒரு அலுவலகம் என்னை எடுத்தது. நகரத்துப் பழைய வீடுகளில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்களைப் போய்ப் பார்த்து, யாருக்கு மேற்குப் புறநகரில் புதுவீடு கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதுதான் வேலை. பயிற்சி என்று சில நாட்கள் ஒரு அறையில் இருத்திவைத்தார்கள். பிறகு என்னை மிஸ் ஹார்ட்லியின் காரில் ஏற்றிவிட்டார்கள். உண்மையான பயிற்சி அங்கேதான் நடந்தது.

மிஸ் ஹார்ட்லி என் மேலதிகாரி. உயரமான, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். எந்த வெயிலிலும் தொப்பியும், மெல்லிய பழுப்புநிறக் கையுறையும் அணிவார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. எல்லோரும் அவருக்கு ‘மை டியர்’தான். போகிற வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். தன்னுடைய தேநீரைத் தெர்மோஸில் கொண்டுவந்து காருக்குள் இருந்து குடிப்பார், எனக்கும் அரைக்கோப்பை தருவார். அவரை வில்லியாக்கி எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் நல்லவர். என் மகள் பிறந்தபோது இரண்டு கம்பளிச் சட்டை பின்னிக் கொண்டுவந்து தந்தவர்.

வீடு பார்க்கும் முறையை அவர் எனக்குச் சொல்லித் தந்தது இப்படி. கதவை இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டியதும் பின்னால் நகர்ந்து, யன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு முழு ஆளும் தெரியும்படி நிற்க வேண்டும். உள்ளே போனதும் முன்கூடத்தில் இருக்கச் சொல்வார்கள், இருக்கக்கூடாது. நேரே குசினி. முதலில் ஓவன் அடுப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரி. பிறகு மேல்மாடி. மெத்தையின் ஒரு மூலையைத் தூக்க வேண்டும். கடைசியாக, வெளியே வரும்போது, கதவு நிலையின் மேல்விளிம்பில் ஒரு விரலை ஓடவிட வேண்டும்.

“முன்கூடம் வருகிறவர்களுக்காக, மை டியர்,” என்பார். “தொட்டிக்குக் கீழேதான் உண்மையான வீடு இருக்கிறது.”

யாராவது எங்கள் வீட்டுக் குசினிக்குள் நுழைந்து அலுமாரியைத் திறந்திருந்தால் அம்மா தும்புத்தடியால் போட்டுத் துரத்தியிருப்பார். இங்கே வெள்ளைக்காரத் தாய்மார் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரரில் இப்படி ஏழைகள் இருப்பார்கள் என்றே நான் நினைத்திருக்கவில்லை. கொழும்பில் நாங்கள் கண்ட வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கிளப்பில் இருந்தவர்கள்.

அந்தத் தெருக்களில்தான் முதன்முதலாகப் பூர்வகுடி மக்களைக் கண்டேன். அவுஸ்திரேலியாவுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. செவன் ஹில்ஸில் எங்கள் தெருவில் ஒருவரையும் காணவில்லை. பஸ்ஸில் காணவில்லை, கடையில் காணவில்லை. வந்த நாட்டின் சொந்தக்காரரை இத்தனை நாளாகக் காணவில்லை என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. அது எவ்வளவு பெரிய விசயம் என்று பிறகுதான் உறைத்தது.

மிஸ் ஹார்ட்லியின் அறைச் சுவரில் மேற்குப் புறநகரின் பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி. பெரும்பாலும் வெள்ளைத் தலை. இடையிடையே மஞ்சள் தலை. புவியியல் படித்தவள் அல்லவா, வரைபடத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. மஞ்சள் ஊசிகள் வயலில் நாற்று நட்டதுபோல ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதைக் கவனித்தேன். ஒரு தெருவில் ஒன்றுக்கு மேல் இல்லை. பக்கத்துத் தெருவில்கூட அனேகமாக இல்லை.

“மஞ்சள் எதற்கு, மிஸ் ஹார்ட்லி?”

“பூர்வகுடிக் குடும்பங்கள், மை டியர்.” தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். “ஒரு தெருவுக்கு ஒன்று. அவர்களுடைய நன்மைக்குத்தான். இரண்டு குடும்பத்தைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது வரும், உறவினர் வருவார்கள், பிறகு நகரத்தில் இருந்த அதே நிலைமை. தனியாக இருந்தால் அயலவரைப் பார்த்துப் பழகுவார்கள். கரைய வேண்டும். கட்டியாகக் கிடந்தால் இனிக்காது.” கரண்டியை எடுத்து மெதுவாகத் தட்டில் வைத்தார்.

நான் வரைபடத்தில் செவன் ஹில்ஸைத் தேடினேன். “எங்களைப் போன்ற ஆட்களுக்கு என்ன நிறம்?” என்று கேட்டேன்.

அவருக்கு நல்ல சிரிப்பு. “நீங்கள் சொந்தமாக வாங்கினீர்களே, மை டியர்! உங்களுக்கு ஊசியே இல்லை.”

எங்கள் ஊரும் ஒன்றும் திறம் இல்லை. இன்னார் இந்த மூலையில்தான் குடியிருக்க வேண்டும், இன்னார் இந்தக் கிணற்றில் அள்ளக்கூடாது என்று வைத்திருந்த ஊரிலிருந்து வந்தவள் நான். அதனால் வரைபடத்தைப் பார்த்ததும் விசயம் விளங்கிவிட்டது. ஒரு வித்தியாசம் மட்டும் என்னைத் திடுக்கிட வைத்தது. நாங்கள் ஒரு சனத்தை ஒதுக்கி ஒரே மூலையில் தள்ளினோம். இவர்கள் ஒரு சனத்தை ஒருவரையொருவர் காணாதபடி பிரித்துத் தூவினார்கள். அதுவும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாமல், அன்பாக.

இப்போது அந்தச் சகோதரிகளிடம் வருகிறேன்.

சுதனின் வீடு இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. மூத்தவள் டொரீன், இளையவள் ரூபி. கீழ்வீட்டில் டொரீனும் கணவனும் பிள்ளைகளும், மேல் அறையில் ரூபியும் அவளுடைய இரண்டு சின்னஞ்சிறுசுகளும். ரூபியின் கணவன் தூரத்தில் ரயில்பாதை வேலை. மாதத்தில் ஒருதரம் வருவான். அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் டொரீன் பேசியதெல்லாம் என் நினைவில் எங்கள் தமிழாகவே கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அன்று மிஸ் ஹார்ட்லி வரவில்லை, நான் தனியாகப் போயிருந்தேன். கூரையில் ஓட்டை. சுவரில் ஈரம் ஏறியிருந்தது. எலி என் கண்ணுக்கு முன்னாலேயே ஓடியது. ஆனால் தொட்டிக்குக் கீழே பளபளவென்று துடைத்திருந்தது. மேல் அறையில் நான் மெத்தையின் மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். ரூபி நிலத்தில் விழுந்து கிடந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன.

நான் கத்திவிட்டேன். வேறு யாரும் கத்தவில்லை. ரூபியின் மூத்தது, மூன்று வயது இருக்காது, பக்கத்தில் இருந்த கதிரையைத் தள்ளி இடம் விட்டது. டொரீன் படியேறி வந்தாள், ஓடவில்லை. தங்கையைப் பக்கவாட்டில் திருப்பினாள், தலைக்குக் கீழே தன் தொடையை வைத்தாள், “சரி, சரி, நான் இஞ்சதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வலிப்பு அடங்கியது. ரூபி கண் விழித்து, என்னைக் கண்டு, வெட்கப்பட்டாள்.

டொரீன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள்.

“மிஸ், எலியை எழுதுங்கோ, ஓட்டையை எழுதுங்கோ. இதை மட்டும் எழுதாதேங்கோ.”

“ஏன்? வருத்தம் எண்டு சொன்னால் கெதியா வீடு கிடைக்கும்.”

“வீடு கிடைக்கும். பிள்ளையள் போயிடுங்கள். வலிப்பு வாற தாய், புருசன் வீட்டிலை இல்லை எண்டு கண்டால் வெல்ஃபேர்காரர் வந்து தூக்கிக்கொண்டு போடுவினம்.”

“தாயிட்டையிருந்து பிள்ளையைத் தூக்கிறதோ? அப்பிடிச் செய்வினமோ?”

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். “நீங்கள் புதுசு என்ன? எங்களை அப்பிடித்தான் கொண்டுபோனவை. என்னை ஒரு இடத்துக்கு, இவளை வேற இடத்துக்கு. வளர்ந்தாப்பிறகு நான்தான் தேடிக் கண்டுபிடிச்சனான். இனி இவளை விடமாட்டன். எங்க வேணுமெண்டாலும் அனுப்புங்கோ, பக்கத்திலை பக்கத்திலை அனுப்புங்கோ.”

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் இவரிடம் சொன்னேன். “சீ, இந்த நாட்டிலை அரசாங்கம் அப்பிடிச் செய்யுமே? அந்த மனுசி கூட்டிச் சொல்லுறா” என்றார். அடுத்தநாள் அலுவலகத்தில் தேநீர் வேளையில் ஒரு பழைய எழுதுவினைஞரிடம் மெல்லக் கேட்டேன். அவர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடி, “ஓ, நிறைய நடந்தது” என்றார். பிஸ்கற் உடைந்து கோப்பைக்குள் விழுந்ததற்குத்தான் அவர் கவலைப்பட்டார்.

வலிப்பைப் பற்றி நான் எழுதவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தியதும் இல்லை.

இரண்டு குடும்பத்துக்கும் வீடு கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. வரைபடத்தில் இடம் தேடும் வேலை என்னுடையது. ஒரே தெருவில் இரண்டு மஞ்சள் ஊசி நடக்காது. ஆனால் அந்தப் புறநகர்த் தெருக்களை வகுத்தவர்கள், கார்கள் ஊடறுத்து ஓடக்கூடாது என்று ஒவ்வொன்றையும் வளைத்து, முட்டுச்சந்தாக முடித்திருந்தார்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்ததற்குப் போக, பெரிய றோட்டுக்கு வந்து, வெறும் காணியாகக் கிடந்த கடைத்தொகுதி இடத்தைச் சுற்றிப் போக வேண்டும். ஆனால் வீடுகளின் முதுகுகள்? அவை ஒட்டிக்கொண்டு நின்றன. முன்வாசலால் போனால் வேறு உலகம், பின்வேலியால் பார்த்தால் ஒரே வளவு.

அதைக் கண்டதும் எனக்கு எங்கள் வேலிகள்தான் நினைவுக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்த வளவுகளில் இருக்கும். நடுவில் வேலி இருக்கும், வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பொட்டு என்றால் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு இடைவெளி. படலையைத் திறந்து, றோட்டால் சுற்றி வருபவர்கள் விருந்தாளிகள். வீட்டு ஆட்கள் பொட்டால் வருவார்கள். கறி போவது, குழந்தை போவது, கோள் போவது எல்லாம் அதனால்தான்.

இரண்டு மஞ்சள் ஊசிகளை இரண்டு தெருக்களில் குத்தினேன். மிஸ் ஹார்ட்லி வந்து கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். “ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அழகாகப் பிரித்திருக்கிறீர்கள், மை டியர்” என்று பாராட்டினார்.

வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, கொடுக்கும் நாளில் டொரீன் என்னைக் கடித்துத் தின்னாத குறை. “வேற வேற தெரு! உங்களை நம்பினேனே!” என்று முன்வாசலில் நின்று கத்தினாள். ஃபைப்ரோ என்ற சிமெந்துத் தகடு அடித்த புதிய வீடு, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். எதையும் அவள் பார்க்கவில்லை. நான் அவளைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். ஆளுயரப் பலகை வேலி. வேலிக்கு அப்பால் ஒரு குழந்தை அழும் சத்தமும், அதை ஆற்றும் ஒரு குரலும் கேட்டன.

டொரீன் அப்படியே நின்றுவிட்டாள். “ரூபி?” என்றாள்.

“டொரீன்? நீ எங்க நிக்கிறாய்?”

டொரீன் பலகையில் நெற்றியை வைத்து, சிரித்துச் சிரித்து அழுதாள். எனக்கும் கண்ணீர் ஓடியது. எங்கள் ஊரில் இந்த இடத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள் என்று சொன்னேன். அன்றைக்கே அவளுடைய கணவன் இரண்டு பலகையைக் கழற்றிவிட்டான்.

இங்கேதான் நான் யாழ்ப்பாணத்துக் கணக்குப் போட்டுப் பிழைவிட்டேன். எங்கள் ஊரில் வேலி இரண்டு பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர்கள் இருவருக்கும் சம்மதமென்றால் பொட்டைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த வேலி அலுவலகத்தின் வேலி. தவிர, எங்கள் வேலியைப் பனையோலையால் மறைத்து அடைத்திருப்போம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் தன் குசினி யன்னலில் நின்றால் எல்லாம் தெரியும்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மிஸ்டர் பார்க்கர். டொரீனின் வீட்டுக்கு அடுத்த வீடு. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர், நான் வந்த பிறகு வந்தவர். ஒருநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் பேசியது நான். ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் படிப்பித்த என் ஆங்கிலத்தில், பேசுவது யார் என்று தொலைபேசியில் கண்டுபிடிக்க முடியாது.

“வேலியைப் பிய்த்துவிட்டார்கள்,” என்றார். “அந்தப் பக்கத்து வீட்டிலும் அவர்கள்தான். நாள் முழுக்கப் பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சண்டை சச்சரவு இல்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மிஸ், உங்களுக்கு விளங்கும். உங்களையும் என்னையும் போன்றவர்கள் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?”

உங்களையும் என்னையும் போன்றவர்கள்! கையில் றிசீவரை வைத்துக்கொண்டு நான் என் கறுத்த விரல்களைப் பார்த்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த கிழமை அவர் மிஸ் ஹார்ட்லியிடமே நேரில் வந்துவிட்டார்.

மிஸ் ஹார்ட்லி கோபப்படவில்லை. வரைபடத்துக்குக் கிட்டப்போய் இரண்டு மஞ்சள் ஊசிகளையும் பார்த்தார், அவற்றுக்கு நடுவே விரலை வைத்தார். “எனக்குத் தெரியாமல் போய்விட்டதே” என்று தன்னைத்தான் நொந்துகொண்டார். பிறகு வழமையான இனிமையோடு தீர்ப்புச் சொன்னார். வேலியை அடைக்க வேண்டும். டொரீனுக்கு நகரத்தின் தென்கோடியில், கம்பெல்டவுன் பக்கம், இதைவிடப் பெரிய மூலைவீடு. அவ்வளவு சுத்தமாக வீடு வைத்திருப்பதற்கு ஒரு பரிசாக இருக்கட்டும்.

“மிஸ் ஹார்ட்லி, அவர்கள் சகோதரிகள்,” என்றேன். “ஒருவரை விட்டு ஒருவர் இருக்கமாட்டார்கள்.”

“எல்லாச் சகோதரிகளும் அப்படித்தான், மை டியர். நானும் என் தங்கையை வருடத்தில் ஒருமுறைதான் பார்க்கிறேன். ஏதாவது விசேட காரணம் இருக்கிறதா? மருத்துவக் காரணம்? இருந்தால் சொல்லுங்கள், நான் இரக்கமில்லாதவள் அல்ல.”

காரணம் இருந்தது, ரூபியின் வலிப்பு. அதைச் சொன்னால் டொரீனை விட்டுவைப்பார். ஆனால் அதே பின்னேரம், முழு நல்லெண்ணத்தோடு, வெல்ஃபேர்காரருக்கு அறிவிப்பார். அது அவருடைய கடமை என்று நினைப்பார். அந்தச் சகோதரிகளைக் காப்பாற்றக்கூடிய ஒரே சொல் அந்தப் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் சொல்லாகவும் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றார்.

“ஒன்றும் இல்லை,” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு டொரீனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலியில் ஏற்கனவே புதுப் பலகை அறைந்துவிட்டார்கள். ஆணித்தலைகள் வெயிலில் மினுங்கின. டொரீன் கேட்டது ஒரே கேள்வி.

“காரணம் சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“உங்களுக்குக் கோடி புண்ணியம்,” என்றாள். பிறகு குசினிக்குள் போய்ப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினாள். எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இவர், “அந்த மனுசி கூட்டிச் சொல்லேல்லை என்ன?” என்றார்.

அந்தக் கிழமையே இரண்டு சகோதரிகளும் அலுவலகத்துக்கு வந்து இரண்டு வீட்டுத் திறப்புகளையும் மேசையில் வைத்தார்கள். நகரத்துக்கே திரும்பிப் போகிறார்களாம், யாரோ உறவினர் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டுக்கு. மிஸ் ஹார்ட்லிக்கு முகம் வெளிறிவிட்டது. புதுவீட்டைத் திருப்பிக் கொடுக்கும் மனிதரை அவர் கண்டதே இல்லை.

“அந்த வீட்டில் என்ன குறை?” என்று கேட்டார்.

“வீட்டிலை ஒரு பிழையும் இல்லை,” என்றாள் டொரீன். “தூரம்தான் பிழை.”

ரூபி போகும்போது என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள்.

வெறுமையான வீட்டைப் பாரமெடுக்க நானும் மிஸ் ஹார்ட்லியும் போனோம். ஓவன் அடுப்பைத் திறந்தார். தொட்டிக்குக் கீழே பார்த்தார். வெளியே வரும்போது நிலையின் மேல்விளிம்பில் விரலை ஓடவிட்டு, கையுறையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. “எவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தார்கள், மை டியர். ஏன் இப்படிச் செய்தார்கள்?” உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கூடவே, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிசி என்ன செய்வது?

சில மாதம் கழித்து நகரத்துப் பக்கம் போனபோது அவர்களைத் தேடிப் போனேன். கூரையில் அங்கேயும் ஓட்டை. எலியும் இருந்தது. ரூபியின் இரண்டு பிள்ளைகளும் மாடிப்படியில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இரண்டும் இருந்தன, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. டொரீன் தேநீர் தந்தாள். குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு புறநகர் வீடுகளுக்கும் புதுக் குடும்பங்கள் வந்தன. இரண்டும் வெள்ளைக்காரக் குடும்பங்கள், முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். வரைபடத்தில் இரண்டு வெள்ளை ஊசிகள். வழமையான மேற்பார்வைக்கு மிஸ் ஹார்ட்லியோடு போனேன். முதலில் டொரீன் இருந்த வீடு. இளம் தாய் ஒருத்தி சிரித்த முகத்தோடு வரவேற்றாள். குசினி பார்த்து முடிந்து பின்வளவுக்கு வந்தோம்.

வேலியில் பொட்டு இருந்தது. அதே இடம். இரண்டு பலகை அல்ல, நாலு பலகை அகலம். பலகைகளைச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடித்து, ஒழுங்கான ஒரு சிறு கதவாகவே செய்து, கொண்டியும் போட்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் இந்த வீட்டுப் பிள்ளைகளும் கீச்சிட்டுக்கொண்டு அதனால் ஓடித் திரிந்தார்கள்.

மிஸ் ஹார்ட்லி என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன்.

“எவ்வளவு அருமை!” என்றார். இரண்டு கையுறைக் கைகளையும் சேர்த்துக்கொண்டார். “இதைத்தான் மை டியர், இந்தக் குடியிருப்புகளை அமைத்தபோது நாங்கள் எதிர்பார்த்தோம். அயலவர் அயலவராக இருப்பதை.”

“கதவு பக்கத்து வீட்டு மிஸ்டர் பார்க்கர் செய்து தந்தது,” என்றாள் அந்தத் தாய். “நாங்கள் கேட்கவேயில்லை. பாவம் பிள்ளைகள் சுற்றிப் போகின்றனவே என்று சொல்லி, தன் செலவிலேயே பிணைச்சல் வாங்கிப் பூட்டினார். தங்கமான மனுசன்.”

மிஸ்டர் பார்க்கர் தன் குசினி யன்னலில் நின்று எங்களுக்குக் கை காட்டினார். மிஸ் ஹார்ட்லியும் கை காட்டினார். அவர்கள் இருவர் முகத்திலும் எதையாவது தேடினேன். ஒரு கூச்சம், ஒரு தடுமாற்றம். ஒன்றும் இல்லை. நடித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன். அந்த வேலியை முன்பு ஒருதரம் கண்டதாகவே அவர்களுக்கு நினைவில்லை.

அடுத்து பார்க்க வேண்டியது பின்வீடு, ரூபி இருந்தது. மிஸ் ஹார்ட்லி தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்தக் கதவால் நுழைந்தார். அப்பால் நின்று திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

“இப்படி வாருங்கள், மை டியர். நடை மிச்சம்.”

“நீங்கள் போங்கள், மிஸ் ஹார்ட்லி,” என்றேன். “நான் றோட்டால் வருகிறேன்.”

முன்வாசலால் வெளியே வந்தேன். வளைந்த தெருவால் நடந்து பெரிய றோட்டுக்கு ஏறினேன். இன்னும் கட்டி முடியாத கடைத்தொகுதிக் காணியைச் சுற்றினேன். அடுத்த தெருவுக்குள் இறங்கி, கடைசி வீடுவரை போனேன். கதவை இரண்டு தரம் தட்டிவிட்டு, முழு ஆளும் தெரியும்படி பின்னால் நகர்ந்து நின்றேன். யன்னல் திரை கொஞ்சம் விலகியது. உள்ளே மிஸ் ஹார்ட்லி, முன்கூடத்துக் கதிரையில் இருந்து, அந்த வீட்டுக்காரி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.